ஓடும் ரயிலில் ஹேண்டோவர்: அறுபடவும் கூடாது, ஏமாறவும் கூடாது. நடக்குமா?

வேகத்தடை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. முதுநிலை புராஜெக்டுக்கு 5ஜி மொபிலிட்டி மேனேஜ்மென்ட் (நகரும் ஃபோனை நெட்வொர்க் கைவிடாமல் பின்தொடர்வது) எடுத்திருக்கிறேன். அதிவேக ரயிலில் ஹேண்டோவர், அதாவது ஃபோன் ஒரு டவரின் செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது, தோற்பதைக் குறைப்பது முதல் பாதி, ஹேண்டோவரின் பாதுகாப்பு இரண்டாம் பாதி. இரண்டையும் தனித்தனி அத்தியாயமாக எழுதிவிடு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்கிறார் கைடு. படிக்கப் படிக்க எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேட்க நினைத்தது இதுதான். ரயில் வேகத்தில் தோல்வி உண்மையில் எந்த இடத்தில் நடக்கிறது? பாடப்புத்தகத்தில் வரைபடம் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம், ஹேண்டோவர் கட்டளை மறையாக்கம் செய்து, மாற்றமுடியாதபடிதான் வருகிறது. பிறகு ஏன் அதைத் தாக்கலாம் என்று கட்டுரை மேல் கட்டுரையாக வருகிறது?

கம்பியில்லாகவி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன், ரேடியோ ஆப்டிமைசேஷன்தான் என் பிழைப்பு.

ஹேண்டோவரைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஏ3 நிகழ்வு. இப்போது இருக்கும் செல்லைவிட பக்கத்து செல் இத்தனை டெசிபல் மேலே இருக்க வேண்டும், அந்த நிலை இத்தனை மில்லிவினாடி நீடிக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குப் பெயர் டைம்-டு-டிரிகர். ஏன் காத்திருக்க வேண்டும்? இல்லாவிட்டால் சிக்னல் கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஃபோன் இரண்டு செல்லுக்கும் நடுவே பந்தாடப்படும். பிங்-பாங் என்பது அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 640 மில்லிவினாடி வைத்தால், நடந்துபோகிறவர் அந்த நேரத்தில் ஒரு மீட்டர் கூடத் தாண்டமாட்டார். மணிக்கு 350 கிலோமீட்டரில் போகும் ரயில் வினாடிக்கு 97 மீட்டர். முடிவெடுப்பதற்கே 62 மீட்டர் போய்விட்டது. கட்டளை இன்னும் வந்தபாடில்லை.

ஒரு சோதனை ஃபோனின் எல்டிஇ (4ஜி) பதிவிலிருந்து, எண்களைச் சுருட்டித் தருகிறேன்:

0.00 – பக்கத்து செல் 3 டெசிபல் மேலே. டைமர் ஓடுகிறது.
0.48 – மெஷர்மென்ட் ரிப்போர்ட் (எந்த செல் எவ்வளவு பலம் என்ற அளவீடு) போகிறது.
0.55 – டவர் பதில் தரவில்லை. ரிப்போர்ட்டை மறுபடி அனுப்புகிறது.
0.61 – பழைய செல்லின் சிக்னல் தாங்கவில்லை. இணைப்பு மீளுமா என்று காத்துப் பார்க்கும் டி310 டைமர் ஓட ஆரம்பிக்கிறது.
1.61 – டி310 முடிந்தது. ரேடியோ லிங்க் ஃபெயிலியர், அதாவது இணைப்பு அறுந்தது.
1.70 – புது செல்லில் மறு இணைப்புக் கோரிக்கை.
1.74 – நிராகரிப்பு. அந்த செல்லிடம் இந்த ஃபோனைப் பற்றிய தகவல் இல்லை.
1.80க்குப் பிறகு – முதலிலிருந்து இணைப்பு.

எங்கே தோற்றது என்று கவனியுங்கள். ஃபோன் சரியாகத்தான் அளந்தது, சரியான செல்லைத்தான் சொன்னது. "போ" என்ற கட்டளை வர வேண்டிய பழைய இணைப்பு, அது வருவதற்குள் செத்துவிட்டது. பெரும்பாலான தாமத ஹேண்டோவர் தோல்விகளுக்கு இதே கதைதான். காத்திருப்பைக் குறைத்தால் பிங்-பாங், கூட்டினால் இது. நடுவில் எங்கோ ஓர் எண்ணைத் தேடிக்கொண்டே காலம் போகிறது.

சாவிக்கொத்து எழுதியது:

இரண்டாவது கேள்வி எனக்கு. முதலில் ஒழுங்காகச் செய்திருக்கும் பகுதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான வேலை.

ஃபோன் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சாவி மாற வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சிம்மிலிருந்து முழு அங்கீகாரம் நடத்த நேரம் கிடையாது. அதனால் பழைய டவர், கையிலுள்ள சாவியையும் புது செல்லின் அடையாள எண்ணையும் அலைவரிசை எண்ணையும் ஒருவழிச் சார்பில் போட்டு அரைத்து, புதுச் சாவியைச் செய்து அனுப்புகிறது. ஃபோனும் தன் பக்கம் அதையே செய்கிறது. ஒருவழி என்பதால் புது டவரால் பின்னோக்கிப் போய் பழைய சாவியைக் கண்டுபிடிக்க முடியாது.

முன்னோக்கித்தான் சிக்கல். சாவியைச் செய்து கொடுத்தவனுக்கு அது தெரியுமே! பழைய டவர் ஒருவேளை எதிரியின் கையில் இருந்தால்? அதற்காகத்தான் டவர்களுக்குப் பின்னால் இருக்கும் மையமான கோர் நெட்வொர்க் நடுவில் வருகிறது. ஹேண்டோவர் முடிந்து பாதை மாறியதும், அதில் ஃபோன்களின் நடமாட்டத்தைக் கவனிக்கும் நோடு (எல்டிஇயில் எம்எம்இ, 5ஜியில் ஏஎம்எஃப்) புதிதாக ஒரு விதைச் சாவியைப் புது டவருக்குத் தரும். அதற்கு என்எச் என்று பெயர், கூடவே என்சிசி என்ற 3 பிட் எண்ணும் வரும். அடுத்த ஹேண்டோவரில் சாவி அந்த விதையிலிருந்து பிறக்கும். ஆக டவர்கள் தங்களுக்குள் பேசி நடத்தும் ஹேண்டோவரில், பழைய டவருக்கு ஃபோனின் சாவி தெரியாமல் போவது இரண்டாவது தாவலில்தான். கோர் வழியாக நடத்தினால் முதல் தாவலிலேயே.

இந்தச் சங்கிலியிலும் ஓட்டை சொல்லியிருக்கிறார்கள். கைப்பற்றப்பட்ட டவர் ஒன்று என்சிசி எண்ணைக் குழப்பிவிட்டால், புது விதை பயன்படாமலே போய், பழைய சாவியிலிருந்தே அடுத்தடுத்த சாவிகள் பிறந்துகொண்டிருக்கும். ஆனால் அதற்கு ஒரு டவரையே கைப்பற்ற வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு.

கட்டளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. கட்டளை எதை வைத்து எடுக்கப்படுகிறதோ, அதற்கு இல்லை. மெஷர்மென்ட் ரிப்போர்ட் மறையாக்கத்தோடுதான் போகிறது, சரி. அதற்குள் இருப்பது என்ன? "இந்த அடையாள எண்ணுள்ள செல், இவ்வளவு பலமாகக் கேட்கிறது." அந்த எண் காற்றில் எவரும் ஒலிபரப்பக்கூடியது. எல்டிஇயில் மொத்தமே 504 எண்கள், 5ஜியில் 1008. பக்கத்து உண்மையான செல்லின் எண்ணையும் ஒலிபரப்புத் தகவலையும் அப்படியே நகலெடுத்து, கொஞ்சம் அதிக பலத்தில் போலி ஒன்று ஒலிபரப்பினால், ஃபோன் உண்மையைத்தான் சொல்கிறது, டவர் நேர்மையாகத்தான் முடிவெடுக்கிறது, ஹேண்டோவர் போய் முட்டுவது போலியில். 2021இல் பிட்சிகாஸ், பாப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள், 2ஜி முதல் 5ஜி வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பலவீனம் பொது என்று.

பாதிராத்திரி எழுதியது:

துறைக்கு வெளியே இருக்கிறவன், குறுக்கே கேட்கிறேன். போலி டவரிடம் சாவி கிடையாதே. ஹேண்டோவர் அங்கே போனாலும் ஒரு வார்த்தை கூட அதனால் படிக்க முடியாது. ஃபோன் கண்டுபிடித்துத் திரும்பிவிடும். அப்புறம் என்ன ஆபத்து? கால் அறுந்து ஒரு நொடியில் வரும், அவ்வளவுதானே?

சாவிக்கொத்து எழுதியது:

> ஃபோன் கண்டுபிடித்துத் திரும்பிவிடும்.

அந்தத் "திரும்பிவிடும்" இருக்கிறதே, எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

இணைப்பு அறுந்த ஃபோன் பிடிவாதமாக நெட்வொர்க்கைத் தேடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், பயனருக்குச் சேவை கிடைக்க வேண்டும் என்பதற்காக. தேடும்போது பாதுகாப்பு இன்னும் தொடங்காத நிலையில் சில செய்திகளை அது கேட்டே ஆக வேண்டும், நம்பியே ஆக வேண்டும். 2016இல் அல்தாஃப் ஷேக்கும் கூட்டாளிகளும் எல்டிஇயில் இதைத்தான் நோண்டினார்கள். ஃபோன் புது இடத்துக்கு வந்ததும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று டிராக்கிங் ஏரியா அப்டேட் அனுப்பும். அதற்கு "உனக்கு எந்தச் சேவையும் அனுமதியில்லை" என்று ஒரு மறுப்பு வந்தால், மாற்றமில்லை என்ற சான்று இல்லாவிட்டாலும் ஃபோன் ஏற்றுக்கொண்டது. சிம் செல்லாது என்று தானே முடிவுகட்டி, அணைத்துப் போடும்வரை அல்லது சிம்மைக் கழற்றி மாட்டும்வரை நெட்வொர்க் பக்கமே போகாது. மறுப்பின் காரண எண்ணை மாற்றினால் எல்டிஇயை விட்டு 2ஜி, 3ஜிக்கு இறங்கும். 2ஜிக்கு இறங்கிவிட்டால் கதை வேறு, அங்கே நெட்வொர்க் தன்னை ஃபோனிடம் நிரூபிக்க வேண்டிய கட்டாயமே கிடையாது.

பிறகு தரத்தைத் திருத்தினார்கள். சான்றில்லாத மறுப்பு வந்தால் ஃபோன் ஒரு டைமர் வைத்துக்கொண்டு, முடிந்ததும் மறுபடி முயல வேண்டும். தொல்லை நிரந்தரமாக இல்லாமல் தற்காலிகமானது. ஆனால் தற்காலிகத் தொல்லையும் தொல்லைதான்.

வேகத்தடை, உங்கள் கைடுக்குச் சொல்ல அதே ஆய்விலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ரேடியோ லிங்க் ஃபெயிலியர் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. கம்பியில்லாகவிக்கு அது சாப்பாடு. இணைப்பு எங்கே, எந்த நிலையில் அறுந்தது என்று ஃபோன் பிறகு சொல்லும், அதை வைத்து ஹேண்டோவர் அளவுகளைச் சரிசெய்வார்கள். முழுக்க முழுக்க நம்பகத்தன்மைக்கான கருவி. அன்றைக்கு இருந்த சில ஃபோன்கள் அதைப் பாதுகாப்பு தொடங்கும் முன்பே, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தன. சிலவற்றில் ஜிபிஎஸ் இருப்பிடத்தோடு. போலி டவர் செய்ய வேண்டியதெல்லாம் இணைப்பை அறுத்துவிட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்பது. இதை எந்த அத்தியாயத்தில் வைப்பார்?

கம்பியில்லாகவி எழுதியது:

சாப்பாட்டில் கை வைக்கிறீர்களே.

அந்த ரிப்போர்ட் இல்லாமல் தாமத ஹேண்டோவர், அவசர ஹேண்டோவர், தப்பான செல் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஓட்டை அடைபட்டதும் நல்லதே, நான் மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்டால் ஃபோன் எதையும் நம்பாது, எதனோடும் இணையாது. சோதனைக்கூடத்தில் நகல் செல் வைத்து ஹேண்டோவரை இழுப்பது சுலபம். நிஜத்தில் இலக்கு செல்லை முந்தும் அளவு பலமும், நேரப் பொருத்தமும் வேண்டும். நான் பார்க்கும் ஹேண்டோவர் தோல்விகளில் பெரும்பகுதிக்குக் காரணம் எதிரி இல்லை, பக்கத்து செல் பட்டியலில் விட்டுப்போன ஒரு வரி.

ஒலிபரப்புத் தகவலுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடலாமே என்று அடுத்துச் சொல்வீர்கள். தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பிலும் பேசிப் பேசிப் பார்த்தாகிவிட்டது. செல் விளிம்பில் பலவீனமான சிக்னலிலும் படிக்க வேண்டிய செய்தி அது, ஒவ்வொரு பிட்டுக்கும் விலை உண்டு. கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி எல்லா ஃபோனிலும் இருக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து ரோமிங்கில் வந்த ஃபோனிலும். அதையெல்லாம் செய்தாலும், உண்மையான ஒலிபரப்பைப் பதிவுசெய்து பக்கத்தில் திரும்ப ஒலிபரப்புகிறவனை நேரக் கணக்கு வைத்துத்தான் பிடிக்க முடியும்.

சாவிக்கொத்து எழுதியது:

கையெழுத்து எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நான் பார்க்கும் தோல்விகளில் எதிரி இல்லை" என்பது வாதமே இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் எதிரி எப்படித் தெரிவான்? நகல் செல்லில் முட்டிய ஹேண்டோவர் உங்கள் திரையில் "தப்பான செல்" அல்லது "அவசர ஹேண்டோவர்" என்றுதான் விழும். உடனே தானியங்கி ஆப்டிமைசேஷன் அந்த எல்லையில் ஹேண்டோவரைத் தாமதப்படுத்தும். போலியை எடுத்துப் போன பிறகும் அந்த எல்லை கெட்டே கிடக்கும், எவருக்கும் காரணம் தெரியாமல்.

பழையமோடம் எழுதியது:

இருவரும் காற்றிலேயே நிற்கிறீர்கள். நான் கோர் நெட்வொர்க் ஆள், கீழே இறங்கி வாருங்கள்.

மொபிலிட்டி மேனேஜ்மென்ட் படுத்த பெரிய சம்பவங்கள் சிலவற்றில் டவர் பக்கம் ஒரு பிழையும் இருந்ததில்லை. 2018 டிசம்பர் 6: பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் என்று ஒரே நாளில் டேட்டா போனது. எரிக்சன் கொடுத்த எஸ்ஜிஎஸ்என்-எம்எம்இ மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. எம்எம்இ என்பது மேலே சாவிக்கொத்து சொன்ன அதே மொபிலிட்டி நோடு. பாதுகாப்புக்காக வைத்த சான்றிதழ், தேதி முடிந்ததால் கோடிக்கணக்கான ஃபோன்களை நிறுத்தியது. இதையும் கைடிடம் சொல்லுங்கள்.

அடுத்து ஜப்பான் டோகோமோ, 2021 அக்டோபர். ஐஓடி சாதனங்களின் இருப்பிடப் பதிவு சேமிக்கும் கருவியை மாற்றினார்கள். கோளாறு தெரிந்ததும் பழையதற்கே திரும்பினார்கள். திரும்பியதும் சாதனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபடி இருப்பிடம் பதியப் பாய்ந்தன, சாதாரண ஃபோன்களும் அந்த நெரிசலில் மாட்டின. 2022 ஜூலையில் இன்னொரு ஜப்பான் நிறுவனமான கேடிடிஐ: பராமரிப்பின்போது ரவுட்டரில் வழித்தடக் கோளாறு. சரிசெய்துவிட்டார்கள். ஆனால் வோல்ட்இ (4ஜி வழிக் குரல் அழைப்பு) ஃபோன்கள் 50 நிமிடத்துக்கு ஒருமுறை தங்களைப் பதிந்துகொள்பவை. தவறவிட்டவை எல்லாம் சேர்ந்து மோதியதில் சந்தாதாரர் தரவுத்தளத்திலேயே பொருத்தமின்மை வந்தது. சுமார் 3.9 கோடி இணைப்புகள் வரை பாதிப்பு என்று முதலில் மதிப்பிட்டார்கள், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தது. மூலக் கோளாறு சிறியது, மீண்டும் முயலும் கூட்டம்தான் ஆளைக் கொன்றது.

இதே ஃபோன்களின் "விடாமல் முயல்" குணத்தைத்தான் சாவிக்கொத்து எதிரியின் கையில் பார்க்கிறார், நான் ஒரு பராமரிப்பு இரவில் பார்க்கிறேன். சமாளிக்கும் வழியும் கிட்டத்தட்ட ஒன்று. மறுமுயற்சிகளை நேரத்தில் பரப்பு, தற்செயல் தாமதம் சேர், கோருக்குள் நுழைகிற வேகத்துக்கு வரம்பு வை.

பாதிராத்திரி எழுதியது:

இருப்பிடப் பதிவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸை வேறு நாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று ஒரு செய்தி படித்தேனே, அதுவும் இதில் சேருமா?

பழையமோடம் எழுதியது:

சேராமல் என்ன? அது அக்மார்க் மொபிலிட்டி மேனேஜ்மென்ட்.

நீங்கள் வேறு நாட்டில் இறங்கினால் அந்த நாட்டு நெட்வொர்க் உங்கள் தாய் நெட்வொர்க்குக்கு "இந்த ஆள் இப்போது என்னிடம்" என்று அப்டேட் லொகேஷன் அனுப்பும். நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசும் பழைய நெறிமுறையான எஸ்எஸ்7ஐ வகுத்த காலத்தில் அவை கைவிட்டு எண்ணும் அளவுதான், அதனால் சொன்னதை நம்பினார்கள். பிறகு எவரெவரோ அந்த வலைக்குள் வந்தார்கள். பொய்யாக ஒரு அப்டேட் லொகேஷன் போட்டால் அடுத்த எஸ்எம்எஸ் பொய் சொன்னவனிடம் போகும். 2014இல் டோபியாஸ் எங்கலும் கார்ஸ்டன் நோலும் எஸ்எஸ்7 ஓட்டைகளை மேடையில் வைத்தே விளக்கினார்கள். 2017இல் ஜெர்மனியில் வங்கிக் குறியீட்டு எஸ்எம்எஸ்ஸை இப்படித் திருப்பிப் பணம் எடுத்தது வெளியே வந்தது.

5ஜியில் நெட்வொர்க்குகளுக்கு நடுவே செப் என்ற காவல் வாசல் இருக்கிறது. உங்கள் வீட்டு நெட்வொர்க் அங்கீகாரத்தை உறுதிசெய்த பிறகே ஏஎம்எஃப் பதிவு ஏற்கப்படும்படி செய்யவும் வழியிருக்கிறது. ஆனால் பழைய எஸ்எஸ்7 கதவு மூடப்படாதவரை புதுக் கதவின் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்து என்ன? உங்களால் முடிந்தது: வங்கி வேறு வழி தந்தால் எஸ்எம்எஸ் ஓடிபியை விடுங்கள். ஃபோனில் 2ஜியை அணைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 12 முதல் பல மாடல்களில் உண்டு, அவசர அழைப்புக்கு அது தடையில்லை. இருந்தால் அணைத்துவிடுங்கள்.

வேகத்தடை எழுதியது:

பழையமோடம் அண்ணா, சாவிக்கொத்து, கவி, மிக்க நன்றி. தனி அத்தியாயம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை, அந்த லிங்க் ஃபெயிலியர் ரிப்போர்ட்டிலேயே கைடை மடக்கிவிடலாம்.

5ஜி தரத்தின் ரிலீஸ் 16இல் கண்டிஷனல் ஹேண்டோவர் வந்திருக்கிறதே. சிக்னல் நன்றாக இருக்கும்போதே கட்டளையை முன்கூட்டி ஃபோனிடம் கொடுத்துவிடுவது, நிபந்தனை நிறைவேறியதும் ஃபோன் தானாகத் தாவுவது. கவி காட்டிய பதிவில் தோற்ற இடத்தை இது நேராகச் சரிசெய்கிறது. பாதுகாப்புப் பக்கம் இதனால் லாபமா நஷ்டமா?

கம்பியில்லாகவி எழுதியது:

ரயிலுக்கு லாபம்தான், சந்தேகமே வேண்டாம். கட்டளை ஏற்கனவே கையில் இருப்பதால் பழைய இணைப்பு சாவதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. விலை என்னவென்றால் பல செல்கள் உங்களுக்காக இடம் ஒதுக்கிக் காத்திருக்க வேண்டும், நீங்கள் போவதோ ஒன்றுக்கு. தாவும் நேரத்து இடைவெளியை ஒழிக்க டாப்ஸ் என்று தனி வழியும் அதே ரிலீஸில் இருக்கிறது, பழையதை விடாமலே புதியதைப் பிடிப்பது. ஃபோனுக்கு அது கடும் வேலை.

சாவிக்கொத்து எழுதியது:

பாதுகாப்பில் பாதி லாபம், பாதி நஷ்டம்.

நஷ்டம்: கடைசி முடிவு இப்போது ஃபோனிடம். நகல் செல் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டால், "கொஞ்சம் பொறு, இது விசித்திரமாக இருக்கிறதே" என்று சொல்ல நெட்வொர்க்குக்குச் சந்தர்ப்பமே இல்லை. சாதாரண ஹேண்டோவரில் நினைத்தால் அது முடியும்.

லாபம்: சாவி ஒவ்வொரு செல்லுக்கும் அதன் அடையாள எண்ணோடு சேர்த்துத் தனித்தனியாகப் பிறப்பதால், ஒரு வேட்பாளர் செல்லின் சாவி கெட்டாலும் மற்றது கெடாது. இன்னொன்று, தாவல் தோற்றால் ஃபோன் நேராகப் பாதுகாப்பில்லாத ஆதி நிலைக்கு விழ வேண்டியதில்லை. செல் தேர்வில் கிடைப்பது இன்னொரு வேட்பாளர் செல்லாக இருந்து, நெட்வொர்க்கும் அனுமதி கொடுத்திருந்தால், கையிலுள்ள கட்டளையாலேயே அங்கே தாவலாம். நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். விழும்போது எங்கே விழுகிறது என்பதை மாற்றுகிறதே.

வேகத்தடை எழுதியது:

அப்படியானால் சிமுலேஷனில் அந்த ஒன்றை அளக்கிறேன். ஹேண்டோவர் தோற்ற பிறகு ஃபோன் பாதுகாப்பில்லாத நிலையில் எத்தனை மில்லிவினாடி இருக்கிறது என்று. சாதாரண ஹேண்டோவர், கண்டிஷனல் இரண்டிலும், தண்டவாளம் ஓரம் ஒரு நகல் செல் வைத்து.

கம்பியில்லாகவி எழுதியது:

நல்ல அளவுகோல். ஆனால் நகல் செல்லைத் தண்டவாளம் ஓரம் வைத்தால் ரயில் அதைச் சில வினாடிகளில் கடந்துவிடும். பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஃபோனோடு கூடவே பயணிப்பதால் அதன் பலம் குறையவே குறையாது, டாப்ளர் நகர்வும் (வேகத்தால் அலைவரிசை விலகுவது) இருக்காது. அதுதான் மோசமான நிலை.

சாவிக்கொத்து எழுதியது:

அதுவே அதைப் பிடிக்கும் வழியும் கூட. மணிக்கு 350இல் பத்து கிலோமீட்டர் போன பிறகும் ஒரே பலத்தில் கேட்கும் செல் இயற்கையில் கிடையாது. 5ஜி பாதுகாப்புக்கான 33.501 விவரக்குறிப்பின் பிற்சேர்க்கையிலேயே, ஃபோன்கள் அனுப்பும் அளவீடுகளை வைத்து நெட்வொர்க் போலியைச் சந்தேகிக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் சிமுலேஷனில் அந்தச் சரிபார்ப்பையும் சேருங்கள்.

வேகத்தடை எழுதியது:

சேர்க்கிறேன். பிடித்த பிறகு அந்த எண்ணைத் தடைப் பட்டியலில் போட்டால், அதே எண்ணுள்ள உண்மையான செல்லுக்கும் எவரும் தாவ முடியாதே?

கம்பியில்லாகவி எழுதியது:

முடியாது. அந்த எல்லையில் தோல்வி எகிறும், எதிரி விரும்பியதை நீங்களே செய்து கொடுத்ததாகிவிடும். எல்லோருக்கும் தடை போடாமல், அந்தப் பெட்டியிலிருந்து ரிப்போர்ட் அனுப்பும் ஃபோன்களுக்கு மட்டும் அந்த செல்லுக்கான ஆஃப்செட்டை (ஒப்பிடும்போது சேர்க்கும் டெசிபல் கணக்கை) இறக்கிப் பாருங்கள். எவ்வளவு இறக்கினால் போலி தோற்று, உண்மை பிழைக்கிறது என்ற வரைகோடு வந்தால் இங்கே போடுங்கள், எனக்கும் வேண்டும்.